எம்பிஏ கல்லூரி: முத்திரை வேறு, ரேங்க் வேறு

[திரையில்: ஒரு கல்லூரி பிரோஷரின் கடைசிப் பக்கம்]

வணக்கம். எம்பிஏ கல்லூரி பிரோஷர் எதை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தில் சின்னச் சின்ன முத்திரைகள் வரிசையாக இருக்கும். பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் ஒரு ரேங்க். இரண்டும் ஒன்று என்று நினைத்து யாரும் பணம் கட்டிவிட வேண்டாம்.

முதலில் முத்திரை, அதாவது அங்கீகாரம். உலக அளவில் மூன்று பெயர்கள் அடிபடும். 1916-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஏஏசிஎஸ்பி, பிரஸ்ஸல்ஸில் இருக்கும் இஎஃப்எம்டி அமைப்பு தரும் ஈக்விஸ், லண்டனின் அம்பா. முதல் இரண்டும் கல்லூரியை முழுதாகப் பார்ப்பவை. அம்பாவின் கண் எம்பிஏ மாதிரியான படிப்புகளின் மேல். மூன்றும் கிடைத்தால் 'டிரிபிள் கிரவுன்' என்பார்கள். நம் நாட்டில் ஐஐஎம் கல்கத்தாவிடம் அது இருக்கிறது.

இந்த முத்திரையை வாங்க, கல்லூரி தன்னைப் பற்றி ஒரு தடித்த அறிக்கை எழுதும். வேறு கல்லூரிகளின் டீன்கள் குழுவாக வந்து தங்கி, ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் பேசிப் பார்ப்பார்கள். வருடக்கணக்கில் இழுக்கும் வேலை இது. கிடைத்தாலும் நிரந்தரமில்லை, ஈக்விஸ் என்றால் 3 வருடம் அல்லது 5 வருடம், அப்புறம் மறுபடியும் முதலிலிருந்து சோதனை. லாரிக்கு எஃப்சி எடுக்கிற மாதிரிதான். ரோட்டில் ஓடலாம் என்று சொல்லும், எந்த லாரி முந்தும் என்று சொல்லாது.

இங்கே ஒரு சின்ன சூட்சுமம். ஏஏசிஎஸ்பியில் சந்தா கட்டி 'உறுப்பினர்' ஆகலாம். அது அங்கீகாரம் இல்லை. பிரோஷரில் முத்திரைக்குக் கீழே இருக்கும் பொடி எழுத்தைக் கொஞ்சம் கண்ணைச் சுருக்கிப் படியுங்கள்.

சரி, ரேங்க்? அதைப் பத்திரிகைகள் தங்கள் சூத்திரத்தில் போடுகின்றன. ஃபைனான்ஷியல் டைம்ஸ் பட்டியலில் எம்பிஏ முடித்து 3 வருடம் ஆனவர்களின் சம்பளத்துக்குப் பெரிய எடை. அந்தச் சம்பளத்தை டாலராக மாற்றும்போது வங்கி விகிதத்தை எடுப்பதில்லை. உள்ளூரில் அந்தப் பணத்துக்கு என்ன வாங்க முடியும் என்று கணக்கிடுகிறார்கள். அதனால் ரூபாய்ச் சம்பளம் பட்டியலில் நாம் எதிர்பார்ப்பதைவிடப் பெரிய டாலராக நிற்கும். ஏமாற்று இல்லை, கணக்கு முறை அப்படி.

ஏமாற்று வேறு இடத்தில் நடந்தது.

[திரையில்: பிலடெல்ஃபியா வரைபடம்]

அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் இருக்கும் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஃபாக்ஸ் ஸ்கூல் ஆஃப் பிசினஸ். அதன் ஆன்லைன் எம்பிஏ, யு.எஸ். நியூஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையின் பட்டியலில் 2015 முதல் 2018 வரை நான்கு வருடம் தொடர்ந்து நம்பர் ஒன். ஜிமேட் என்ற எம்பிஏ நுழைவுத் தேர்வு எழுதிச் சேருகிறவர்கள் குறைவாக இருந்தால் அந்தச் சூத்திரத்தில் அடி விழும். கல்லூரி என்ன செய்தது? சேர்ந்த அத்தனை பேரும் ஜிமேட் எழுதியவர்கள் என்று எழுதிக் கொடுத்தது. உண்மையில் ஐந்தில் ஒருவர்தான். பத்திரிகை ஆள் அனுப்பிச் சரிபார்க்கவில்லை. கல்லூரி நிரப்பித் தந்த படிவத்தை அப்படியே நம்பியது.

2018 ஜனவரியில் குட்டு வெளிப்பட்டது. பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது. மாணவர்கள் போட்ட வழக்கில் பல்கலைக்கழகம் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. இருபது வருடத்துக்கும் மேல் டீனாக இருந்த மோஷே போராட் 2021-ல் மோசடிக் குற்றவாளி எனத் தீர்ப்பானது. 2022-ல் 14 மாதச் சிறை, இரண்டரை லட்சம் டாலர் அபராதம். ரேங்க் விஷயத்துக்காக ஒரு டீன் சிறைக்குப் போனார் என்றால் நம்பவே கஷ்டம்தான்!

அந்த நான்கு வருடமும் ஃபாக்ஸுக்கு ஏஏசிஎஸ்பி அங்கீகாரம் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜிமேட் படிவத்தை எட்டிப் பார்ப்பது அந்த முத்திரையின் வேலை இல்லை.

அதனால் கல்லூரி அலுவலகத்தில் ரேங்க் பேச்சு வந்தால், எந்தப் பத்திரிகை, எந்த வருடம் என்று கேளுங்கள். கல்லூரி முழுமைக்கா, ஒரே ஒரு படிப்புக்கா என்றும் கேளுங்கள். ஃபாக்ஸ் நம்பர் ஒன் ஆனது ஆன்லைன் எம்பிஏவுக்கு மட்டும்தான்.