ஆங்கிலத்தின் சொந்தபந்தம்

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கிலம் லத்தீனிலிருந்து பிறந்தது என்று நினைப்பவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. அகராதியைப் புரட்டினால் அப்படித்தான் தோன்றும். சொற்களில் பாதிக்கு மேல் லத்தீனும் பிரெஞ்சும் தந்தவை. ஆனால் ஆங்கிலம் ஜெர்மானியக் குடும்பத்து மொழி. கடன் வாங்கிய சொற்களைக் கொண்டு ஒரு மொழியின் குடும்பத்தை முடிவு செய்யக் கூடாது. இதை நான் எங்கே பேசினாலும் சொல்வேன்.

எதை வைத்து முடிவு செய்வது? வீட்டில் புழங்கும் சொற்களும் இலக்கணமும்தான் சாட்சி. ஆங்கிலத்தில் ஹேண்ட், ஹவுஸ், வாட்டர். ஜெர்மனில் ஹாண்ட், ஹவுஸ், வாஸர். ‘பாடு’ என்பதற்கு இங்கே சிங், சேங், சங்; அங்கே ஸிங்கன், ஸாங், கெஸுங்கன். நடுவில் உயிரெழுத்து மாறும் விதத்தைக் கேளுங்கள். இதையெல்லாம் யாரும் கடன் வாங்குவதில்லை.

5ஆம் நூற்றாண்டில் ஆங்கிள்கள், சாக்சன்கள், ஜூட்டுகள் இன்றைய வட ஜெர்மனி, டென்மார்க் கரைகளிலிருந்து பிரிட்டனுக்குக் கொண்டுவந்த பேச்சு அது. பிறகு ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடலோடிகளான வைக்கிங்குகள் வந்தார்கள். அவர்களுடைய மொழியும் இதே குடும்பம்தான், கொஞ்சம் தள்ளிய உறவு.

இங்கே ஒரு முட்டைக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். இங்கிலாந்தில் முதன்முதலில் அச்சகம் வைத்த வில்லியம் கேக்ஸ்டன் 1490இல் ஒரு முன்னுரையில் எழுதியது. சில வணிகர்கள் தேம்ஸ் ஆற்றிலிருந்து கப்பலில் கிளம்புகிறார்கள். காற்று இல்லை. கரையிறங்கி ஒரு வீட்டில் சாப்பாடு கேட்கிறார்கள். ஒருவர் ‘எக்ஸ்’ வேண்டும் என்கிறார். அந்த அம்மாள், “எனக்கு பிரெஞ்சு தெரியாதே” என்கிறாள். அவருக்குக் கோபம், அவருக்கும் பிரெஞ்சு தெரியாது! கடைசியில் இன்னொருவர் ‘ஐரன்’ என்று கேட்டதும் அவளுக்குப் புரிந்துவிடுகிறது.

‘எக்’ வைக்கிங்குகள் தந்த சொல். ‘ஐரன்’ பழைய ஆங்கிலத்தின் வழி வந்தது. ஜெர்மனில் இன்றும் முட்டை ‘ஐ’தான். நான் இதில் எதை எழுதுவது என்று கேக்ஸ்டன் திகைக்கிறார். கவனியுங்கள், இரண்டுமே ஜெர்மானியச் சொற்கள். பிரெஞ்சு அந்த வாசலுக்கே வரவில்லை.

சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு நிமிடம் என்று விரல் காட்டுகிறார்கள். 1066 நார்மன் படையெடுப்பு, பிரெஞ்சுச் சொற்கள் வந்த கதை, இவற்றை விட்டுவிடுகிறேன். ஜெர்மானியக் குடும்பம் இந்தோ-ஐரோப்பியம் என்ற பெருங்குடும்பத்தின் ஒரு கிளை. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றுக்கும் ஒரே மூலம் இருக்க வேண்டும் என்று அங்கே நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் பேசியது 1786இல். அப்புறம் 1822இல் ஜெர்மன் மொழியறிஞர் யாகோப் கிரிம் ஜெர்மானிய மொழிகளில் ஒலிகள் மாறும் ஒழுங்கை விளக்கினார்: ப ஒலி ஃப ஆகும், மெல்லிய த ட் ஒலியாக மாறும். சமஸ்கிருதத்திலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாதம், அங்கே ஃபுட். பல் என்று பொருள்படும் தந்தம், டூத். நன்றி, வணக்கம்.