பட்டா வண்டியில் எவ்வளவு ஏற்றலாம்? சின்னம்மா வீடு மாறிய கதை

வணக்கம் உறவுகளே. கமரா கொஞ்சம் ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கள். கை இன்னும் நோகிறது. சின்னம்மா வேலணைத் தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக் கொக்குவிலுக்கு வீடு மாறிவிட்டார். அது நல்ல செய்திதான், ஆனால் நான் பேச வந்தது அதைப் பற்றி இல்லை. சாமான் ஏற்ற வந்த பட்டாவின், அதாவது நம் சின்ன லொறியின், சாரதி வாசலில் நின்றபடியே வீட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தார். "ஒரே நடையில் கொண்டுபோய்விடலாம் தம்பி" என்றார். எனக்கு ஏறியது பாருங்கள் ஒரு எரிச்சல்!

மாம்பழம் வாங்கினாலும் வீட்டுத் தராசில் மறுபடி நிறுத்துப் பார்க்கிறவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். "அண்ணை, வண்டி எத்தனை கிலோ தாங்கும்?" என்று கேட்டேன். "இருபத்தைந்து அந்தர் ஏற்றி ஓடியிருக்கிறேன்" என்றார். ஓர் அந்தர் 50 கிலோவுக்குச் சற்று மேல். இருபத்தைந்து அந்தர் என்றால் 1,270 கிலோ. முக்கால் தொன் ஏற்றவென்று செய்த சின்ன வண்டி அது! ஓடியிருக்கும், நான் மறுக்கவில்லை. குறுக்கே ஒரு மாடு வந்திருந்தால் நின்றிருக்குமா என்பதுதான் என் கேள்வி. வண்டியும் சுமையும் சேர்ந்த எடை இரட்டிப்பானால், அதே வேகத்தில் வரும் வண்டியை நிறுத்த பிரேக்கும் ஏறக்குறைய இரட்டிப்பு வேலை செய்ய வேண்டும்.

பதிவுப் புத்தகத்தின் பிரதியைக் காட்டச் சொன்னேன். முகம் சுளித்தார், ஆனாலும் காட்டினார். அதில் நமக்கு வேண்டியவை இரண்டே எண்கள்: வண்டியின் வெற்று எடை, சுமையோடு சேர்ந்த மொத்த எடை. இந்த வண்டிக்கு மொத்தம் 1,550, வெற்று எடை 820. கழித்தால் 730 கிலோ. உடனே 730 கிலோவுக்குச் சாமான் ஏற்றலாம் என்று நினைத்துவிடாதீர்கள். முன்னால் சாரதியும் நானும் உட்கார்ந்தால் 130 கிலோ போய்விடும். மிச்சம் 600. சாமானைப் பிடித்துக்கொள்ள என்று பின்னால் ஒருவரை ஏற்றுவார்களே, அவரும் சுமைதான். அந்தப் பழக்கமே எனக்குப் பிடிக்காது, அதைப் பற்றி முன்பே கத்தியிருக்கிறேன்.

அப்போது அவர் தன் பெரிய ஆயுதத்தை எடுத்தார். "பின் வில்லில் இரண்டு தகடு கூடப் போட்டிருக்கிறேன் தம்பி." வில் என்றால் பாரத்தைத் தாங்குகிற இரும்புத் தகடுகளின் அடுக்கு. இதைக் கேட்டால் பலரும் அடங்கிவிடுவார்கள். தகடு கூடினால் வண்டியின் பின்பக்கம் தாழாது, அவ்வளவுதான். அச்சு பழைய அச்சு, பிரேக் பழைய பிரேக், டயரும் அதே டயர். இன்னும் சொல்லப்போனால், அதிகச் சுமை இருப்பதைக் காட்டிக்கொடுக்கிற அடையாளத்தையே அந்தத் தகடுகள் மறைத்துவிடுகின்றன. டயரின் ஓரத்தில் அளவுக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும், பாருங்கள். 88 என்றால் அந்த ஒரு டயர் தாங்குவது 560 கிலோ. 91 என்றால் 615. அதுவும் காற்றுச் சரியாக இருந்தால் மட்டும்.

இனிச் சின்னம்மாவின் சாமானுக்கு வருவோம். குளிர்சாதனப் பெட்டி, கட்டில், கதிரைகள் இவையெல்லாம் இடத்தைத்தான் பிடிக்கும், பாரம் இல்லை. பயமுறுத்துகிறவை சின்னவை. சித்தப்பா ஆசிரியராக இருந்தவர். வீடு முழுக்கப் புத்தகம். ஏ4 தாள் 500 கொண்ட ஒரு கட்டே இரண்டரைக் கிலோ என்றால், ஒரு பெட்டி நிறையப் புத்தகம் எவ்வளவு வரும் என்று யோசித்துப் பாருங்கள். பெட்டியோடு தராசில் ஏறி நின்று, என் எடையைக் கழித்துப் பார்த்தேன். ஏறக்குறைய 20 கிலோ. அப்படி 18 பெட்டி. 360 கிலோ! பட்டாவின் தட்டில் அடுக்கினால் பாதிகூட நிறையாது.

பிறகு கற்கள். அம்மி, ஆட்டுக்கல், உரல் மூன்றும் வந்தே ஆக வேண்டுமாம். யாழ்ப்பாணத்து நிலத்தில் சுண்ணாம்புக்கல்தான் உண்டு. கருங்கல் எல்லாம் வெளியிலிருந்து வந்தது, அதனால் விட்டுவிட்டுப் போக மனம் வராது என்றார் சின்னம்மா. நியாயம்தான். ஆனால் ஓர் அடி நீளம், அகலம், உயரம் உள்ள கருங்கல் 75 கிலோ இருக்கும். மூன்றையும் சேர்த்து 160 என்று போட்டேன். புத்தகத்தோடு 520. பார்த்தால் வண்டி பாதி காலி, கணக்கில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இரும்பு அலுமாரி இன்னும் வீட்டுக்குள்!

அட, தண்ணீர்த் தாங்கியை மறந்துவிட்டேன். 500 லீற்றர்த் தாங்கி, கால்வாசித் தண்ணீரோடு அப்படியே தூக்கப் போனார்கள். ஒரு லீற்றர் ஒரு கிலோ. 125 கிலோ தண்ணீரைக் கடல் தாண்டிக் கொக்குவிலுக்குக் கொண்டுபோய் யாருக்கு என்ன பயன்? வாழை மரத்தடியில் ஊற்றச் சொன்னேன்.

சாரதி இதற்கெல்லாம் அசையவில்லை. நானும் சோர்ந்துபோய்ப் பேச்சை மாற்றினேன். நாளைக்கு என்ன வேலை அண்ணை என்றேன். ஊர்காவற்றுறைக் கடை ஒன்றுக்குச் சீமெந்து இறக்க வேண்டுமாம். எத்தனை மூட்டை? "பன்னிரண்டு. அதற்கு மேல் போட மாட்டேன், வண்டி கெட்டுவிடும்." உறவுகளே, பன்னிரண்டு ஐம்பது அறுநூறு! என் கணக்கும் அவர் கணக்கும் ஒன்று! சீமெந்து என்றால் மூட்டையை எண்ணுகிறார், வீட்டுச் சாமான் என்றால் கண்ணால் அளக்கிறார். இதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "சரி, இரண்டு நடை" என்றார். அந்த நேரத்தில் என் முகத்தைப் படம்பிடிக்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

ஆனால் விலை! முதல் நடைக்கு 6,000 ரூபா பேசியிருந்தோம். இரண்டாவதற்கும் அதே 6,000 கேட்டார். விடுவேனா? சீமெந்தை இறக்கிவிட்டு நாளை வெறும் வண்டியோடுதானே வேலணையைத் தாண்டித் திரும்பப் போகிறார். எண்ணெய்ச் செலவு கடைக்காரன் கணக்கில். 3,000 என்றேன். 5,000 என்றார். சின்னம்மா தேநீர் கொடுத்தார். 4,000 ஆனது. தேநீருக்குப் பிறகு 3,500. இந்த 2,500 ரூபா மிச்சத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி முடித்துவிட்டேன், நீங்கள்தான் பாக்கி.

ஏற்றிய முறையையும் சொல்லிவிடுகிறேன். கற்களும் புத்தகங்களும் முன் தடுப்போடு ஒட்டி, அடியில். இலேசானவை மேலே, பின்னே. பாரத்தைப் பின் சக்கரத்துக்கு அப்பால் வைத்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். முன் டயர் தரையை அழுத்தாவிட்டால் சுக்கானைத் திருப்பியும் வண்டி திரும்பாது. இரவில் எதிரே வருகிற லொறியின் விளக்கு பனை வட்டைப் பார்த்துக்கொண்டு வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான், ஒதுங்கி நில்லுங்கள்.

உயரமும் முக்கியம். தீவையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கிற பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல், மறைப்பு ஒன்றும் இல்லை. காற்று பக்கவாட்டில் அடிக்கிறது. கட்டிலை நிமிர்த்திக் கட்டி, மேலே படங்கும் போட்டால் அது பாய்மரக் கப்பலின் பாய்தான். நாங்கள் கட்டிலைக் கழற்றிப் படுக்கப்போட்டோம். கொக்குவிலில் புகையிரதக் கடவையில் ஏறி இறங்கியபோதும் பின் டயர் மட்காட்டில் உரசவில்லை. காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

பட்டாவைவிடப் பெரிய லொறியான கன்டர் ஒன்றைப் பிடித்திருந்தால் ஒரே நடையில் முடிந்திருக்குமே என்று எழுதப் போகிறீர்கள். பிடித்திருக்கலாம். ஆனால் சின்னம்மாவின் புது வீட்டுக்குப் போகிற ஒழுங்கை அவ்வளவு ஒடுக்கம். கன்டர் முதல் வளைவிலேயே நின்றுவிடும். அங்கிருந்து ஆட்டுக்கல்லை யார் தூக்குவது? கையைப் பார்த்தீர்கள்தானே.