திருடனைப் பிடிக்கவும் கால் வேண்டும்

(டாலஸ் பக்கம் நடந்த சித்திரைத் திருநாள் பட்டிமன்றம். தலைப்பு: கல்லூரி ஃபுட்பால் வீரரை என்.எஃப்.எல். அணிகள் எடுப்பது காலைப் பார்த்தா, தலையைப் பார்த்தா? என்.எஃப்.எல். என்பது அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறைப் போட்டி; அதன் அணிகள் ஆண்டுதோறும் முறை வைத்துக் கல்லூரி வீரர்களை ஒருவர் பின் ஒருவராக எடுக்கும். 'காலைப் பார்த்தே' என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியது.)

நடுவர் ஐயாவுக்கும் அவையோருக்கும் வணக்கம். சாம்பார் வாசனை மேடை வரைக்கும் வந்துவிட்டது, அதனால் வணக்கத்தை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். வேகத்துக்காகப் பேச வந்தவள் வணக்கத்திலேயே இழுத்தால் நன்றாக இருக்காது.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் போகிற போக்கில் ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டுவிட்டுப் போனார். "வேகமாக ஓடுகிறவனைத்தான் எடுப்பேன் என்றால், முதலில் திருடனைத்தானே எடுக்க வேண்டும்? அவனைவிட வேகமாக யார் ஓடப்போகிறார்கள்?" என்று கேட்டார். நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். மூன்றாவது வரிசையில் என் வீட்டுக்காரரும் தட்டினார். நான் பார்த்தேன். அதை வீட்டில் பேசிக்கொள்கிறோம்.

நான் தயாரித்து வந்தது 6 பக்கம், ஐயா. அதை மடித்து வைத்துவிட்டேன். அண்ணன் திருடனைக் கொண்டுவந்துவிட்டார், திருடனைப் பற்றியே பேசுவோம்.

2020 அக்டோபர் 25, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. அரிசோனா மாநிலத்தில் கிளென்டேல் என்ற ஊர். சியாட்டில் அணி முன்னேறி முன்னேறி அரிசோனாவின் கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இன்னும் இரண்டு மூன்று கஜம்தான், பந்தோடு கோட்டைத் தாண்டினால் புள்ளி. ரஸ்ஸல் வில்சன் பந்தை எறிகிறார். நடுவில் ஒரு கை வருகிறது. அரிசோனாவின் புடா பேக்கர்! பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டார். ஆங்கிலத்தில் இதை இன்டர்செப்ஷன் என்று மரியாதையாகச் சொல்வார்கள். எங்கள் மதுரையில் இதற்குப் பெயர் திருட்டு.

இப்போது அண்ணனுடைய திருடன் ஓடுகிறான். முன்னால் வெறும் புல். ஆள் கிடையாது, அணை கிடையாது. டிவி பார்த்த சியாட்டில்காரர்களில் பாதிப் பேர் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருப்பார்கள்.

ஆனால் மைதானத்தின் அந்தக் கோடியில், திருடனுக்குப் பின்னால், சியாட்டிலின் டி.கே. மெட்காஃப் என்று ஒருவர் நிற்கிறார். கல்லூரி முடித்து வந்தபோது அவர் எடை 228 பவுண்டு. அதாவது, நாம் இந்தியக் கடையில் வாங்குகிறோமே 20 பவுண்டு சோனா மசூரி, அதில் 11 மூட்டையை அடுக்கி, மேலே ஒரு பை உளுந்தும் வைத்த மாதிரி. அந்த 11 மூட்டை ஓடக் கிளம்புகிறது. முதலில் தூரத்தில் ஒரு புள்ளி. அப்புறம் ஒரு ஆள். அப்புறம் ஒரு லாரி. 50 கஜக் கோடு தாண்டியாயிற்று, இடைவெளி குறைகிறது. 30, 20... சியாட்டிலின் கோட்டுக்கு 8 கஜம் இருக்கும்போது பின்னாலிருந்து ஒரே அமுக்கு. திருடன் கீழே.

அந்த ஓட்டத்தில் மெட்காஃபின் உச்ச வேகம் மணிக்கு 22.64 மைல். இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே 20 என்று பலகை வைத்திருக்கிறார்கள். அந்த மனுஷன் இங்கே ஓடியிருந்தால் போலீஸ் நிறுத்தி டிக்கெட் கொடுத்திருப்பார்கள்!

அப்புறம் என்ன ஆச்சு? 8 கஜத்தில் நின்ற அரிசோனா 4 முறை முட்டிப் பார்த்தது. ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. அண்ணன் கை தூக்குகிறார். என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குத் தெரியும். அந்த ஆட்டத்தில் கடைசியில் சியாட்டில் 37-34 என்று தோற்றதே என்பார். கையை இறக்குங்கள் அண்ணே. திருடன் பிடிபட்டானா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

பின் வரிசையில் குழந்தைக்கு ஐபேட் சார்ஜ் போடப் போனவர்களுக்காக இன்னொரு தடவை சொல்கிறேன். ஐயா, மணியைத் தொடாதீர்கள், இந்தத் தடவை கணக்கோடு சொல்கிறேன்.

பிப்ரவரி மாதக் கடைசியில் இண்டியானாபொலிஸில் கம்பைன் என்று ஒன்று நடத்துகிறார்கள். 1987 முதல் அந்த ஊரில்தான். முந்நூறு சொச்சம் கல்லூரிப் பையன்களைக் கூப்பிட்டு, பெண் பார்க்கிற மாதிரி உயரம் பார்த்து, எடை பார்த்து, கை நீளம் அளந்து, கடைசியில் ஓடச் சொல்வார்கள். 40 கஜம். அது என்ன 40? உதைத்த பந்து வானத்தில் போய்க் கீழே வருவதற்குள் ஓடிப்போய்ச் சேர வேண்டிய தூரம் ஏறக்குறைய அவ்வளவு என்று சொல்வார்கள். கிளீவ்லண்டின் பழைய பயிற்சியாளர் பால் பிரவுன் பழக்கிவிட்ட கணக்கு.

புடா பேக்கர் 2017-இல் அந்த 40 கஜத்தை 4.45 விநாடியில் ஓடினார். மெட்காஃப் 2019-இல் 4.33. வித்தியாசம் 0.12. கண்ணை ஒரு தடவை சிமிட்டினால் போய்விடும். ஆனால் அந்த வேகத்தில் ஓடுகிற இரண்டு பேருக்கு நடுவில் அந்த ஒரு சிமிட்டல் என்பது ஒரு கஜத்துக்கு மேல் இடைவெளி. 40 கஜத்துக்கே அவ்வளவு என்றால் 90 கஜத்துக்கு எவ்வளவு என்று நம் ஊர் இன்ஜினீயர்கள் போட்டுப் பாருங்கள். அணிக்காரர்கள் ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு தவம் கிடப்பது அந்த ஒரு கஜத்துக்காகத்தான். எங்கேயோ ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி திருட்டுப் போன பந்தைப் பிடிக்க அது தேவைப்படும்.

எதிரணித் தங்கை சீட்டு எழுதி அண்ணனிடம் நீட்டுகிறார். "மெட்காஃபை 64-ஆவதாகத்தானே எடுத்தார்கள்? 4.45 ஓடிய பேக்கரை 36-ஆவதாகவே எடுத்துவிட்டார்களே?" அதானே? உண்மைதான். மெட்காஃப் கல்லூரியில் கழுத்தில் அடிபட்டிருந்தார். கூம்புகளைச் சுற்றி வளைந்து ஓடும் சோதனையில் 7.38 விநாடி எடுத்துக்கொண்டார். மெதுவாக ஓடுவதற்குப் பேர்போன டாம் பிராடியே அதே சோதனையை 7.20-இல் முடித்தவர். நேராகப் போனால் புயல், திரும்பச் சொன்னால் தண்ணி லாரி. அவரைப் போல எறிந்த பந்தைப் பிடிக்கிற ரிசீவர்கள் 8 பேர் அவருக்கு முன்னால் போய்விட்டார்கள். சியாட்டில் பயிற்சியாளர் போனில் கூப்பிட்டபோது, இவ்வளவு நேரம் ஏன் காக்க வைத்தீர்கள் என்று அந்த 11 மூட்டை அழுதது. நியாயமாகப் பார்த்தால் இது எதிரணி பயன்படுத்த வேண்டிய உதாரணம். அவர்கள் சுதாரிப்பதற்குள் நான் அடுத்ததற்குப் போகிறேன்.

பிராடி. எதிரணி மூன்று பேரும் அவர் படத்தை வைத்துச் சூடம் காட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். 5.28 விநாடி ஓடியவர், சூப்பர் பௌல் என்கிற இறுதிப் போட்டியை 7 முறை ஜெயித்தார் என்றார்கள். ஜெயித்தார், யார் இல்லை என்றது? ஐயா, தலைப்பைத் திரும்பப் படியுங்கள். யார் ஜெயித்தார் என்று கேட்கவில்லை, யாரை எப்போது எடுத்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பிராடியை எத்தனையாவதாக எடுத்தார்கள்? 199. எங்கள் அணிக்குச் சாட்சி சொல்ல வேண்டிய ஆளை அவர்கள் செலவில் கூட்டி வந்திருக்கிறார்கள். நன்றி.

ஜான் ராஸ் கதையும் அப்படித்தான். 2017-இல் 4.22 ஓடி அன்றைக்குச் சாதனை. முதல் வருஷம் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை என்று அண்ணன் சிரித்தார். சரி. ஆனால் சின்சினாட்டி அவரை எடுத்தது 9-ஆவதாக! இதில் இன்னொரு கூத்து உண்டு. எங்கள் ஷூவைப் போட்டுக்கொண்டு சாதனையை முறியடித்தால் ஒரு தீவே தருகிறோம் என்று அடிடாஸ் அறிவித்திருந்தது. இவர் நைக்கி போட்டுக்கொண்டு ஓடிவிட்டார். தீவு போச்சே என்று கேட்டதற்கு, எனக்கு நீச்சலும் தெரியாது, படகும் கிடையாது, பரவாயில்லை என்றாராம். பெரிய மனசு. நம் வீட்டில் கூப்பன் தேதி முடிந்ததற்கே இரண்டு நாள் பேச்சு நிற்கிறது.

2009-இல் மைக்கேல் கிராப்ட்ரீ, கல்லூரியின் மிகச் சிறந்த ரிசீவர் என்று பிலெட்னிகாஃப் விருதை 2 முறை வாங்கியவர். காலில் அடி, கம்பைனில் ஓடவில்லை. டேரியஸ் ஹேவர்ட்-பே ஓடினார், 4.30. ஓக்லண்ட் ரெய்டர்ஸ் முதலாளி ஆல் டேவிஸுக்கு வேகம் என்றால் நமக்கு ஃபில்டர் காபி மாதிரி. 7-ஆவதாக ஹேவர்ட்-பேயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். விருது 10-ஆவது இடம் வரைக்கும் உட்கார்ந்திருந்தது. எத்தனையாவதாகப் பெயர் வருகிறதோ அதை வைத்துத்தான் முதல் சம்பளம், 2011-க்குப் பிறகு அது ஏறக்குறைய பேரம் பேச முடியாத கணக்கு. ஆக 4.4-க்கும் 4.5-க்கும் நடுவில் ஒரு வீடு நிற்கிறது.

டாலஸில் நின்றுகொண்டு பாப் ஹேஸ் பெயரைச் சொல்லாமல் போனால் வெளியே கார் ஸ்டார்ட் ஆகாது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம். ஒலிம்பிக் தங்கமும் சூப்பர் பௌல் மோதிரமும் சேர்த்து வைத்திருந்த ஒரே ஆள், நம்ம கவ்பாய்ஸ்காரர். கை தட்டுங்கள், இது உள்ளூர்.

எதிரணித் தங்கை கடைசியாக ஜெர்ரி ரைஸைக் கொண்டுவந்தார். 40 கஜம் 4.6-க்கு மேல் என்றுதான் அவரைப் பற்றிப் பேச்சு, ஆனாலும் பந்தோடு கோட்டைத் தொட்ட டச் டவுன் 208, அவரை மிஞ்ச ஆளில்லை என்றார். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தங்கச்சி, அவர் ஃபுட்பாலுக்கு எப்படி வந்தார் என்று சொல்லாமல் விட்டுவிட்டாயே? மிசிசிப்பியில் கிராமத்துப் பையன். அம்மா முதல் வருஷம் ஃபுட்பால் ஆட விடவில்லை. அடுத்த வருஷம் ஒருநாள் வகுப்பைக் கட் அடித்துவிட்டுச் சுற்றும்போது பெரிய வாத்தியார் பார்த்துவிட்டார். பையன் எடுத்தான் பாருங்கள் ஓட்டம்! ஓடியதைப் பார்த்த வாத்தியார் நேராகக் கோச்சிடம் போய், இவனைச் சேர்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். அண்ணே, உங்கள் திருடன் இதோ வந்துவிட்டான். பயந்து ஓடியவனைத்தான் எடுத்தார்கள்!

ரைஸின் அப்பா கொத்தனார். கோடை விடுமுறையில் பிள்ளைகள் அவரோடு வேலைக்குப் போவார்கள். சாரத்துக்கு மேலே ஜெர்ரி நிற்பார், கீழே இருந்து அண்ணன் தம்பிகள் செங்கல்லை எறிவார்கள், இவர் பிடித்து அடுக்க வேண்டும். அந்தக் கைதான் பின்னால் பந்து பிடித்தது. அந்த அப்பாவிடம் ஸ்டாப்வாட்ச் இருந்திருக்காது.

எங்கள் வீட்டு அப்பாவிடம் இருக்கிறது. போனில். என் பையனையும் ஒன்பதாம் வகுப்பில் ஆட வேண்டாம் என்று நான்தான் மறித்தேன். அடிபடுமே என்று பயம். இந்த வருஷம் விட்டேன். இப்போது பெஞ்சில் உட்காருகிறான். சனிக்கிழமை காலையில் எங்கள் முட்டுச்சந்துத் தெருவில் 25 அடி டேப்பை நாலு தடவை முழுதாகவும் ஐந்தாவது தடவை 20 அடியும் இழுத்து, இரண்டு பக்கமும் என் கோலமாவில் கோடு போட்டிருக்கிறார்கள். கேட்காமல் எடுத்த கோலமாவு. பையன் ஓடுவான், அப்பா கோட்டில் நின்று நேரம் எடுப்பார். 4.92 என்பார். அடுத்த வாரம் 4.95. எனக்குச் சந்தேகம். ஒருநாள் பக்கத்தில் போய் நின்று அவர் கட்டைவிரலையே பார்த்தேன். பையன் கிளம்பி ஒரு எட்டு வைத்த பிறகுதான் அழுத்துகிறார். கோலக் கோட்டுக்கு மூன்று எட்டு இருக்கும்போதே நிறுத்திவிடுகிறார்.

இண்டியானாபொலிஸிலும் காலம் காலமாக ஓட்டத்தின் தொடக்கத்தைக் கையால் அழுத்தித்தான் கணக்கு ஆரம்பிக்கிறார்கள், முடிவுக்குத்தான் மின்னணுக் கதிர். அந்தக் காலத்து நட்சத்திரம் போ ஜாக்சன் 4.12 ஓடினார் என்று இன்றைக்கும் சொல்கிறார்களே, அதுவும் கைக் கடிகாரக் கணக்குதான். அங்கே அழுத்திய கட்டைவிரலுக்குச் சொந்தக்காரர் யாரென்று நமக்குத் தெரியாது. இங்கே தெரியும்.

போன சனிக்கிழமை இவர் ஊரில் இல்லை. நான்தான் போனைப் பிடித்தேன். நான் ஒழுங்காக அழுத்துகிறவள். பையன் ஓடிவந்து, முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து, மூச்சு வாங்க, "எவ்வளவும்மா?" என்றான். போனில் 5.31. அவன் செருப்பெல்லாம் கோலமாவு, ஷூ இன்னும் வாங்கித் தரவில்லை நான்.

"4.9" என்றேன்.

ஐயா மணிமேல் கை வைத்துவிட்டார்கள். இதோ முடித்துவிட்டேன். தீர்ப்பு எழுதும்போது மட்டும், எங்கள் அணிக்கு அந்தக் கட்டைவிரலைக் கொஞ்சம் முன்னாலேயே அழுத்திவிடுங்கள் ஐயா. வணக்கம்.