ஊரே அடித்தாலும் தாங்கும் பம்பு

நேயர்களுக்கு வணக்கம்.

நாங்கள் குடியிருந்த தெருமுனையில் ஓர் அடிபம்பு இருந்தது. விடியற்காலையில் அதன் கிறீச் சத்தம்தான் எங்களை எழுப்பும். குடத்தோடு வரிசையில் நின்ற பெண்களுக்கும் சரி, கைப்பிடியில் தொங்கி விளையாடிய எங்களுக்கும் சரி, அதை யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று தோன்றியதே இல்லை. அந்த யோசனையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

1966-67இல் பீகாரில் கடும் வறட்சி. அதையொட்டிக் கெட்டிப் பாறையைத் துளைக்கும் இயந்திரங்களை ஐ.நா.வின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃப் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போட்டார்கள், தண்ணீரும் வந்தது. மேலே பொருத்திய பம்புகள்தான் நிலைக்கவில்லை. அவை மேலைநாட்டுப் பண்ணை வீடுகளில் ஒரு குடும்பம் மட்டும் பயன்படுத்திய வார்ப்பிரும்பு பம்புகளின் நகல்கள். நாளுக்குச் சில வாளி இறைக்கச் செய்ததை ஓர் ஊரே பொழுதெல்லாம் அடித்தால் எத்தனை நாள் தாங்கும்?

கைப்பிடி வளைவாகச் சுழலும்; குழாய்க்குள் இருக்கும் கம்பியோ நேராக ஏறி இறங்க வேண்டும். இந்த இழுபறியில் இணைப்பு ஆணிகள் தேய்ந்துபோகும். இதற்கு மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் ஒரு வழி கண்டார்கள். கைப்பிடிக்கு ஒரே அச்சு, கம்பியைத் தூக்க ஒரு சங்கிலி. கிணற்று ராட்டினத்தின் மேல் கயிறு படிந்து ஓடுவதுபோல, கைப்பிடியின் வளைந்த முனையில் சங்கிலி படிந்து ஓடும். கம்பி கோணாமல் நேராக எழும்பும், தன் எடையிலேயே இறங்கும். எத்தனை எளிமை! எனக்கு இன்றும் வியப்புத் தீரவில்லை.

இந்தச் சோலாப்பூர் பம்பை அடிப்படையாக வைத்து யுனிசெஃபும் இந்திய அரசும் சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் ஆலையும் சேர்ந்து 1970களில் உருவாக்கியதுதான் 'இந்தியா மார்க் 2'. கோவை வட்டாரத்தில் ஆழமான போர்களில் பொருத்திச் சோதித்தார்கள். கைப்பிடி கனமான இரும்புத் தண்டு. அந்தக் கனமே உள்ளே தொங்கும் கம்பிக்கு எதிர்எடை. அதனால்தான் பள்ளிப் பிள்ளைகூட அடிக்க முடிந்தது. அடிப்பாகத்தைக் கான்கிரீட்டில் புதைத்ததால், சிந்திய தண்ணீர் மறுபடி போருக்குள் இறங்கவில்லை.

இதற்கு யாரும் காப்புரிமை வாங்கவில்லை. தரத்துக்கு விதி உண்டு, செய்வதற்குத் தடை கிடையாது. பல பட்டறைகள் செய்தன. லட்சக்கணக்கில் பெருகி ஆப்பிரிக்காவுக்கும் போனது. உகாண்டாவில் அதன் பெயர் யு2.

குறையும் இருந்தது. அடியில் வாஷர் தேய்ந்தால் குழாய் முழுவதையும் வெளியே உருவ வேண்டும். அதற்கு ஆட்களும் வண்டியும் வர வேண்டும். எங்கள் தெருப் பம்பு அப்படி ஒரு கோடை முழுக்கச் சும்மா நின்றது. அம்மா ஊருக்கு வெளியே இருந்த தோட்டத்துக் கிணறு வரை நடந்தார். அந்த நடை எனக்கு மறக்காது.

அப்புறம் வந்த மார்க் 3இல் குழாயை அகலமாக்கினார்கள். குழாயைக் கழற்றாமல் வாஷர் இருக்கும் பகுதியை மட்டும் மேலே இழுத்துவிடலாம். இதையும் கோவைப் பகுதியில்தான் 1980களில் ஓட்டிப் பார்த்தார்கள்.

உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில் கிராமத்துப் பெண்களே பம்பு மெக்கானிக்காகப் பயிற்சி பெற்றார்கள். அதுவரை பம்பு கெட்டால் தொலைவுக்கு நடந்தவர்கள் அவர்கள். இப்போது சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஸ்பேனரோடு பம்பைக் கழற்ற உட்கார்ந்தார்கள்.

வணக்கம்.