நம் படித்துறைக்குக் கீழே ஓர் ஊர் இருக்கிறது

(மன்னார்குடிக்கு அருகே ஒரு கிராமத்தில், ஆடிப்பெருக்குக்கு முந்தைய வாரம் மகளிர் குழுக்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அம்மாக்களே, அக்கா தங்கைகளே, வயல் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் அண்ணன்மார்களே, முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நீடாமங்கலம் பக்கத்து மூணாறு தலைப்பை உங்களில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். கல்லணையில் காவிரியை விட்டுப் பிரிந்து வரும் வெண்ணாறு அங்கேதான் கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு என்று மூன்றாகிறது. உங்கள் ஊரைத் தொட்டு ஓடும் பாமணி அங்கிருந்து கிளம்பி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் இறங்கி, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக் காயலில் போய்ச் சேருகிறது. நான் வாழ்க்கைப்பட்ட ஊர் அந்தக் கடைசிப் பகுதியில் இருக்கிறது. கடைமடை. ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறந்தாலும் எங்கள் மதகுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். வரும்போது தண்ணீர் மட்டும் வருவதில்லை. பிளாஸ்டிக் பை, தண்ணீர் பாட்டில், தெர்மாகோல், பிள்ளைகளின் டயப்பர் எல்லாம் முன்னால் வந்து ஷட்டரை அடைத்துக்கொள்கின்றன. ஆள் இறங்கிக் கையால் அள்ளி வெளியே போட்ட பிறகுதான் வாய்க்காலில் தண்ணீர் ஏறும். ஐப்பசி கார்த்திகை மழையில் இதே குப்பை வடிகாலை அடைக்கும். அப்போது சம்பாப் பயிர் நின்ற இடத்திலேயே அழுகும்.

உங்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. உங்களுக்கு மேலே தஞ்சாவூர் இருக்கிறது, அதற்கும் மேலே திருச்சி, ஈரோடு. அங்கே விட்டது உங்களுக்கு வருகிறது. இந்த டெல்டாவில் ஒவ்வொரு வீடும் ஒருவருக்குக் கடைமடை, இன்னொருவருக்குத் தலைமடை. சுற்றுச்சூழலுக்குக் கேடு செய்யாமல் அன்றாடம் வாழ்வது எப்படி என்று பேசச் சொன்னார்கள். ஒரு பொருளைத் தூக்கிப் போடும்போதும் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டும்போதும், இது அடுத்து யார் வாசலுக்குப் போகும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இன்று நான் சொல்லப்போவது எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வருவதுதான்.

முதலில் கொல்லைப்புறம். அரிசி களைந்த தண்ணீர் மாட்டுக்கு, பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கு என்றுதான் நம் வீடுகளில் இருந்தது. இப்போது குழாய் போட்டுத் தெருச் சாக்கடையில் விடுகிறோம், சாக்கடை நேரே ஆற்றில் விழுகிறது. கொல்லையில் நாலு வாழை வைக்க இடமிருக்கிற வீட்டில் ஒரு சொட்டுக்கூட வெளியே போகத் தேவையில்லை. இடமில்லாதவர்கள், கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கிவிடும் உறிஞ்சிகுழி எடுக்கலாம். காய்கறித் தோலையும் மிச்சச் சோற்றையும் எருக்குழியில் போட்டு மேலே கொஞ்சம் மண்ணும் சருகும் தூவினால் நாற்றம் வராது. குழி இரண்டாக இருக்கட்டும், ஒன்று மக்கும்போது மற்றதில் போடலாம். பிளாஸ்டிக்கை மட்டும் அடுப்பிலோ குப்பை மேட்டிலோ கொளுத்தாதீர்கள். பிவிசி குழாய்த் துண்டு, ஒயர் இவற்றை எரித்தால் டையாக்சின் என்ற நஞ்சு வரும். முதலில் அதைச் சுவாசிப்பது பக்கத்தில் விளையாடும் பிள்ளை.

கல்யாணப் பந்தலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கமெல்லாம் வாழை விளைகிற டெல்டாவில், பிளாஸ்டிக் பூசிய இலையில் சாப்பாடு போடுகிறோம். எனக்கு மனசு ஆறவில்லை. பேப்பர் கப் நல்லதுதானே என்று கேட்கிறார்கள். அதன் உள்பக்கம் பாலித்தீன் பூச்சு இருக்கிறது, இல்லாவிட்டால் டீ ஒழுகிவிடும். அந்தப் பூச்சு மக்காது. பிளாஸ்டிக் பூசிய இலை, பூசிய கப், பிளாஸ்டிக் பை இவையெல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கமும் தொடங்கினார்கள். சட்டம் வந்துவிட்டது, பந்தலுக்குள் வரவில்லை. எவர்சில்வர் டம்ளரும் குடமும் நூறு இருநூறு வாங்கி மகளிர் குழுவே வாடகைக்கு விட்டால், குழுவுக்கு வருமானம், ஊருக்குக் குப்பை இல்லை. இதை நீங்கள் இந்த ஆவணிக்குள் தொடங்க முடியும்.

ஆடிப்பெருக்கு வருகிறது. காவிரித் தாய்க்குப் படைக்க வேண்டும், முளைப்பாரி விட வேண்டும், புதுப்பெண்கள் தாலி மாற்றிக் கட்ட வேண்டும். எல்லாம் செய்யுங்கள். பூ போகட்டும், பழம் போகட்டும், காதோலையும் பனையோலைதான், போகட்டும். அவற்றைச் சுற்றி வந்த கவர், பிளாஸ்டிக் வளையல், சூடம் வந்த டப்பா, தீப்பெட்டி மேல் உறை இவை படித்துறையோடு நிற்க வேண்டும். தாய் என்று கும்பிட்டுவிட்டு அவள் மடியில் குப்பையைக் கொட்டுவது என்ன வழிபாடு?

இனி அண்ணன்மாரிடம் வயலைப் பற்றிப் பேச வேண்டும். இயற்கை வேளாண்மைக்காக உழைத்த நம்மாழ்வார் ஐயா இதே தஞ்சை மண்ணில் இளங்காட்டில் பிறந்தவர். மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைப் பக்கம் பிச்சினிக்காட்டில் அவர் உயிர் பிரிந்தது. நாம் எல்லோரும் சேர்ந்து போராடினோம். 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. நியாயமான போராட்டம். அதே அக்கறையோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வயலில் விடாமல் தண்ணீர் நிற்கும்போது சேற்றுக்குள் காற்றுப் போகாது. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. காலை வைத்தால் குமிழ் குமிழாக வருகிறதே, அதில் மீத்தேன் இருக்கிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 28 மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கும்.

இதற்கு நெல்லை விட வேண்டாம், பாய்ச்சும் முறையை மாற்றினால் போதும். ஒரு அடி நீளத்தில் பிவிசி குழாய்த் துண்டு எடுத்து, அதன் கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை போட்டு, துளையுள்ள பாதியை வயலில் புதையுங்கள். உள்ளேயிருக்கும் மண்ணை எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் தெரியும். மண் மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை பொறுத்திருந்து, பிறகு மேலே 5 சென்டிமீட்டர் நிற்கும்படி பாய்ச்சினால் போதும். நட்ட முதல் இரண்டு வாரமும் பூக்கும் பருவமும் தவிர. பூக்கும்போது காயவிட்டால் பதராகிவிடும். சரியாகச் செய்தால் மகசூல் குறையாது, தண்ணீர் 30 சதவீதம் வரை மிச்சமாகும், மீத்தேனும் நன்றாகக் குறையும். ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிக் குறுவை போடுகிறவர்கள் இதைச் செய்தாலே நிலத்தடி நீர் எவ்வளவோ தப்பிக்கும். கடலோரத்தில் நாங்கள் எவ்வளவு உறிஞ்சுகிறோமோ அவ்வளவு உப்பு உள்ளே வருகிறது. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நம் பாட்டன்மார் சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாளுக்கு முன், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நிற்கிற கதிருக்குள்ளேயே உளுந்தும் பயறும் வீசினார்கள். தண்ணீர் கிடையாது, உழவு கிடையாது, பனியிலும் மிச்ச ஈரத்திலும் விளையும். வேர் முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்தைத் தரும். அறுவடை இயந்திரம் வந்து முளையை மிதித்துவிடுவதால் பலர் விட்டுவிட்டார்கள். அறுத்த பிறகு உடனே விதைத்தாவது அந்தப் பட்டத்தைக் காப்பாற்றுங்கள். வைக்கோலைக் கொளுத்தவே வேண்டாம். கட்டுக் கட்டி விற்கலாம், மாடில்லாதவர்கள் மாடு உள்ளவர்களுக்குக் கொடுக்கலாம்.

கரண்ட் விஷயம் சுருக்கமாக. பழைய சீலிங் பேன் 75 வாட் எடுக்கும், பிஎல்டிசி பேன் 30 வாட் பக்கம்தான் எடுக்கும். கெட்டுப்போனதை மாற்றும்போது இதைப் பார்த்து வாங்குங்கள்.

வீட்டில் நாம் என்ன செய்தாலும், ஊர்ச் சாக்கடை அப்படியே ஆற்றில் விழுந்துகொண்டிருந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். மீதியை ஊராட்சியிடம் கேட்டு வாங்க வேண்டும். ஆகஸ்ட் 15 அன்று கிராம சபை கூடுகிறது. பெண்கள் கட்டாயம் போங்கள். சாக்கடை ஆற்றில் சேரும் இடத்தில் கம்பி வலையும் சமுதாய உறிஞ்சிகுழியும் வேண்டும், குப்பையைப் பிரித்து வாங்க வண்டி வாரத்தில் எந்தெந்த நாள் வரும் என்று எழுதிப் போட வேண்டும், பாமணிப் படித்துறையில் குப்பைக் கூடை வைக்க வேண்டும். இந்த மூன்றையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். எங்கள் ஊரிலும் அன்றைக்கு இதே மூன்றைத்தான் கேட்கப்போகிறோம். மனுவின் நகல் கொண்டுவந்திருக்கிறேன், போகும்போது குழுவுக்கு ஒன்றாக வாங்கிக்கொள்ளுங்கள். வணக்கம்.