டோரதியின் நண்பர்கள், மாலை 5 மணி

வணக்கம்.

உல்லாசக் கப்பலில் போய்வந்தவர்கள் இந்த அரங்கில் சிலராவது இருப்பீர்கள். ராத்திரி கேபினுக்குத் திரும்பினால் கட்டில்மேல் ஒரு தாள் கிடக்கும். மறுநாள் எத்தனை மணிக்கு எங்கே என்ன என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். காலையில் யோகா, பதினொரு மணிக்கு பிங்கோ, அப்புறம் சமையல் செய்முறை. அந்த வரிசைக்கு நடுவில் பல ஆண்டுகளாக ஒரு வரி வந்துகொண்டிருந்தது: டோரதியின் நண்பர்கள் சந்திப்பு, மாலை 5 மணி. யார் இந்த டோரதி, எதற்குச் சந்திப்பு, ஒன்றும் இருக்காது. படிக்கிற பெரும்பாலோர் கண் அதைத் தாண்டிப் போய்விடும். விவரம் தெரிந்த ஆள் மட்டும் அந்த வரியில் நின்றுவிடுவார்.

அமெரிக்காவில் தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ள வைத்திருந்த சங்கேதச் சொல் அது. 1939இல் வந்த 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் ஜூடி கார்லண்ட் நடித்த சிறுமியின் பெயரிலிருந்து வந்தது என்பது பரவலான விளக்கம். "நீங்கள் டோரதியின் நண்பரா?" என்று கேட்டால் போதும். விஷயம் தெரியாதவருக்கு அது ஒன்றுமில்லாத கேள்வி. தெரிந்தவருக்குக் கதவு திறந்த மாதிரி.

இதைப் பற்றி ராண்டி ஷில்ட்ஸ் என்ற பத்திரிகையாளர் ஒரு சம்பவத்தைப் பதிவு செய்திருக்கிறார். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையின் புலனாய்வுக்காரர்கள் சிகாகோ பக்கம் இந்தச் சொல்லைக் கேள்விப்பட்டார்கள். டோரதி என்று நிஜமாகவே ஒரு பெண் இருக்கிறாள், அவளைப் பிடித்தால் படையிலுள்ள தன்பாலீர்ப்பு ஆண்கள் அத்தனை பேர் பெயரும் கிடைத்துவிடும் என்று நம்பித் தேடினார்களாம். கேட்டதும் சிரிப்பு வரும். ஆனால் அன்றைக்கு அப்படிப் பெயர் வெளியே வந்த மாலுமிக்கு வேலை போய்விடும். அதை நினைத்தால் எனக்குச் சிரிக்க முடிவதில்லை.

சரி, ஐந்து மணிக்கு வருவோம். இரண்டாயிரம், மூவாயிரம் பேர் போகிற கப்பல். அதன் ஏதோ ஒரு மூலையில் ஒரு பார். முதலில் வந்தவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, தற்செயலாக வந்த மாதிரி குடிப்பதற்கு ஏதாவது வரவழைத்துக்கொள்கிறார். வாசலைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறார். இன்னொருவர் வருகிறார். அப்புறம் ஒரு வயதான ஜோடி. நாலு நாற்காலி நிரம்புகிறது. நான் இன்றைக்குப் பேச வந்தது அந்த நாலு நாற்காலிகளைப் பற்றித்தான்.

நாலு நாற்காலி எதற்கு, முழுக் கப்பலையே எடுத்துவிடலாமே என்று ஒருவருக்குத் தோன்றியது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்துப் பயண முகவர் கெவின் மோசியர். 1985இல் ஆர்எஸ்விபி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1986இல் முதல் கப்பல் கிளம்பியது. அந்த ஆண்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எய்ட்ஸ் நோயால் நண்பர்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்த காலம். முதல் மருந்தான ஏஇசட்டி அங்கீகாரம் பெற்றதே 1987இல்தான். அதே 1986 ஜூன் மாதம், தன்பாலுறவைக் குற்றமாக்கும் ஜார்ஜியா மாநிலச் சட்டம் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு மாற 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் கடலுக்குப் போனவர்களைக் கேளிக்கைக்காரர்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

1991இல் அட்லாண்டிஸ் என்ற இன்னொரு பயண நிறுவனம் வந்தது. இன்று ஒரே பயணத்தில் ஆயிரக்கணக்கான ஆண்கள் போகிறார்கள். மதியத்தில் தொடங்கும் டீ டான்ஸ், வெள்ளை உடுப்பு மட்டுமே போட்டுக்கொண்டு வரும் ஓர் இரவு, கேபின் கதவுகளில் ஒட்டிய படங்களும் வண்ணக் காகிதங்களும் எல்லாம் உண்டு. ஆனால் அவர்கள் காசு கொடுத்து வாங்குவது அதைவிடச் சின்ன ஒரு விஷயம் என்று நினைக்கிறேன்.

கையைக் கோத்துக்கொள்வது. நம்மில் பெரும்பாலோர் மனைவியின், கணவரின் கையைப் பிடிக்கும் முன் எதையும் யோசிப்பதில்லை. தன்பாலீர்ப்புள்ள ஒருவர் யோசிப்பார். முன்னால் வருவது யார், தெருமுனையில் நிற்பது யார், இந்த ஊர் எப்படிப்பட்டது என்று ஒரு கணக்கு மனசுக்குள் ஓடும். சின்ன வயதிலிருந்து ஓடுவதால் அது ஓடுவதே அவருக்குத் தெரியாது. கப்பல் கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் அந்தக் கணக்கு நின்றுவிடுகிறது. காலை உணவுக்கு வரிசையில் நிற்கும்போது துணைவரின் தோளில் சாய்கிறார், ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த நிமிஷம்தான் இத்தனை வருஷமாக எவ்வளவு பாரம் சுமந்தோம் என்று உறைக்கிறது.

ஆனால் கடலில் போனாலும் எங்காவது கரையேற வேண்டுமே. 1998இல் சுமார் 900 ஆண்களோடு போன கப்பலைக் கேமன் தீவுகள் அண்டவிடவில்லை. இவர்கள் ஒழுங்காக நடந்துகொள்வார்கள் என்று நம்ப முடியாதாம். அந்தத் தீவுகள் பிரிட்டனின் ஆட்சிப்பகுதி. கேமன் உள்ளிட்ட ஐந்து கரீபியன் ஆட்சிப்பகுதிகளில் தன்பாலுறவு குற்றமில்லை என்று பிரிட்டன் 2000இல் ஆணையே போட வேண்டியிருந்தது. அதே 2000இல் துருக்கியின் குஷாதசியில் இறங்கியவர்களைக் காவல்துறை திருப்பி அனுப்பியது. 2004இல் தன்பாலினத் தம்பதிகள் பிள்ளைகளோடு போன ஒரு கப்பல் பஹாமாஸ் தலைநகர் நாசோவுக்கு வந்தபோது, துறைமுகத்தில் எதிர்ப்புப் பதாகைகளோடு ஆட்கள் நின்றார்கள். அந்தக் குழந்தைகள் அந்தப் பதாகைகளைப் பார்த்தபடிதான் ஊருக்குள் போக வேண்டியிருந்தது.

இன்னொரு கரை இருக்கிறது. அது கப்பலுக்குள்ளேயே இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதிதான் பேசியதாக ஆகும். மூவாயிரம் பேருக்கு நடுவில் தனியாக நிற்கிற ஆள் அங்கேயும் உண்டு. உடற்பயிற்சிக் கூடத்தில் செதுக்கிய உடம்புகளுக்கு மத்தியில் தொப்பையோடு நிற்பவர். அறுபதைத் தாண்டியவர். கறுப்பு நிறத்தவர், ஆசியர். எச்ஐவி இருப்பதை எந்த நேரத்தில் சொல்வது என்று தவிப்பவர். யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் பச்சாங்கிஸ் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பேசுகிறது: தன்பாலீர்ப்பு ஆண்களின் மனநலத்தைக் கெடுப்பதில் வெளியுலகத்தின் வெறுப்போடு, தங்கள் சமூகத்துக்குள்ளேயே அழகு, அந்தஸ்து என்று நடக்கும் போட்டிக்கும் பங்கு இருக்கிறது. வீட்டில் ஒதுக்கப்பட்டவர் தன் ஆட்களைத் தேடி அத்தனை செலவு செய்து வந்து, அங்கும் ஒதுக்கப்பட்டால் எங்கே போவார்? வெளியிலிருந்து வரும் அடியைவிட இது வலிக்கும்.

அதனால்தான் எனக்கு நடன மேடையைவிட சாப்பாட்டு மேசை முக்கியமாகப் படுகிறது. தட்டை ஏந்தி ஒரு ஆள் நிற்கிறார். எட்டுப் பேர் மேசையில் ஏழு பேர். ஒருவர் நாற்காலியை இழுத்துப்போட்டு, "வாங்க, உட்காருங்க" என்கிறார். தனியாக வந்தவர்களுக்கென்று முதல் நாளே ஒரு சந்திப்பு வைக்கும் வழக்கம் இருக்கிறது. அங்கே அறிமுகமான நாலு பேர் வாரம் முழுக்க ஒன்றாகச் சாப்பிட்டு, அடுத்த வருஷமும் சேர்ந்தே முன்பதிவு செய்கிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்கிற இடமாக அந்தக் கப்பல் அவர்களுக்கு மாறிவிடுகிறது.

இப்போது பல கப்பல்களின் தாளில் டோரதி இல்லை. எல்ஜிபிடி சந்திப்பு என்று வெளிப்படையாகவே போடுகிறார்கள். எனக்கு அது பெரிய மகிழ்ச்சி. ஆனாலும் அந்தத் தாளைப் படிக்கிறவர்களில் சிலர், தன்பாலுறவு இன்னும் குற்றமாக இருக்கிற 60க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏதோ ஒன்றிலிருந்து வந்தவர்கள்.

கடைசி ராத்திரி பெட்டிகளில் சீட்டு மாட்டிக் கேபின் வாசலில் வைத்துவிட வேண்டும். காலையில் கைப்பையோடு வரிசையில் நின்று இறங்குகிறார்கள். ஒரு வாரமாகக் கோத்திருந்த கைகள் கடவுச்சீட்டை எடுப்பதற்காகப் பிரிகின்றன. அதிகாரியின் மேசையைத் தாண்டியதும் சிலர் மறுபடி கோத்துக்கொள்கிறார்கள். சிலர், தங்கள் விமானம் எந்த ஊருக்குப் போகிறது என்று நினைத்துப் பார்த்து, கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்கிறார்கள்.