சந்தேகங்களுக்கு விளக்கம்: கல்லூரி மறுசந்திப்புக்குப் போகலாமா?

வணக்கம். இந்த வாரம் நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன, ஆனால் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். நான்கு நாளாக அது என்னை விடவில்லை. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை கட்டாயம் பார்க்கலாம்.

ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெண்கள் கல்லூரியில் படித்தவர். படிப்பு முடிந்து 25 ஆண்டு ஆகிறது, சனி ஞாயிறு இரண்டு நாளும் கல்லூரி வளாகத்திலேயே முன்னாள் மாணவிகள் சந்திப்பு. “வகுப்பில் முதல் மதிப்பெண் எப்போதும் எனக்குத்தான். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்கே போகவில்லை. அங்கே போனதும் ‘இப்போ என்ன பண்றே?’ என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். என்ன சொல்வது? பேசாமல் போகாமலே இருந்துவிடலாமா?” இதுதான் கேள்வி.

போங்கள் அம்மா. பதில் அவ்வளவுதான். ஆனால் ஏன் என்று சொல்ல வேண்டும் இல்லையா, அதற்கு நான் பெட்டி ஃப்ரீடன் என்ற அமெரிக்கப் பெண்ணுரிமை எழுத்தாளரிடம் போக வேண்டும். தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு இந்தக் கதை தெரியும், போன முறை பேசியபோது பாதியைத்தான் சொன்னேன். இன்றைக்கு மீதியையும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்மித் கல்லூரி என்று ஒரு பெண்கள் கல்லூரி. 1942இல் அங்கே படித்து முடித்தவர் அவர். உளவியலில் மிக உயர்ந்த தேர்ச்சி. 1957இல் அவருடைய வகுப்புக்குப் 15ஆம் ஆண்டு மறுசந்திப்பு வருகிறது. அப்போது அவர் மூன்று குழந்தைகளின் தாய், வீட்டிலிருந்தபடி பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். படித்த பெண்ணுக்குக் குடும்பத்தில் மனம் ஒட்டாது, படிப்புதான் அவளைக் கெடுத்துவிட்டது என்று பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அதெல்லாம் பொய் என்று தன் வகுப்புத் தோழிகளை வைத்தே காட்டிவிடலாம் என்று நினைத்து, இரண்டு தோழிகளோடு சேர்ந்து ஒரு கேள்வித்தாள் தயார் செய்து எல்லோருக்கும் அனுப்பினார். ஏறக்குறைய 200 பேர் பதில் எழுதினார்கள்.

படிப்பு யாரையும் கெடுத்ததாக அந்தப் பதில்களில் இல்லை. ஆனால் அவர் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. வீடு இருக்கிறது, கணவர் நல்லவர், குழந்தைகள் நன்றாக இருக்கிறார்கள், இருந்தும் உள்ளே ஏதோ ஒன்று குறைகிறது, அதற்கு என்ன பெயர் என்றுதான் தெரியவில்லை. ஒருவர் இரண்டு பேர் இல்லை, எத்தனையோ பேர் இதையே வேறு வேறு வார்த்தையில் எழுதியிருந்தார்கள். அதைக் கட்டுரையாக்கினார், பத்திரிகைகள் வேண்டாம் என்றன. ஒரு பத்திரிகை அவர் சொன்னதற்கு நேர்மாறாக அர்த்தம் வரும்படி திருத்தி எழுதிவிட்டது, அவர் கட்டுரையையே திரும்ப வாங்கிக்கொண்டார். கடைசியில் 1963இல் அது ‘தி ஃபெமினைன் மிஸ்டீக்’ என்ற புத்தகமாக வந்தது. அமெரிக்கப் பெண்கள் இயக்கத்தின் அடுத்த அலைக்கு விதை போட்ட புத்தகம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், அது கிளம்பிய இடம் ஒரு கல்லூரி மறுசந்திப்பு!

போன முறை நான் சொல்லாமல் விட்ட பகுதி எது தெரியுமா? அந்தக் கேள்வித்தாளில் ‘என்ன வேலை, என்ன பதவி’ என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. உன் வாழ்க்கையில் நிறைவு தருவது எது, மனதை அரிப்பது எது, வயதாவதைப் பற்றி என்ன நினைக்கிறாய், எதை வேறு மாதிரி செய்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது, இப்படிக் கேட்டார்கள். அதுவும் தபாலில். தபால் என்றால் சந்திப்புக்கு வராதவளுக்கும் போகும், வரக் கூச்சப்படுகிறவளுக்கும் போகும். வந்து நின்றவர்களை மட்டும் மேடையில் கேட்டிருந்தால் இந்தப் பதில் கிடைத்திருக்குமா? நிச்சயமாகக் கிடைத்திருக்காது.

எங்கள் வகுப்புச் சந்திப்பில் நாங்கள் செய்த தப்பு அதுதான். மைக்கை வரிசையாகக் கொடுத்து, பெயர், வேலை, கணவர் என்ன செய்கிறார், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தோம். ஒரு தோழி மைக்கை வாங்கி, பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டாள். எல்லோரும் கைதட்டிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டோம், நானும்தான். அன்று ராத்திரி ஹாஸ்டல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் பேச ஆரம்பித்தாள், விடியற்காலை வரை பேசினாள். பதினோரு வருடம் மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அந்தப் பதினோரு வருடத்தை இரண்டு நிமிடத்தில் எப்படிச் சொல்வாள்? இரண்டு நாள் சந்திப்பின் அருமை எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. ஒரே நாள் என்றால் மைக்கோடு முடிந்துபோயிருக்கும், அந்த ராத்திரி கிடைத்தே இருக்காது.

அதே மாசசூசெட்ஸில் மவுண்ட் ஹோலியோக் என்று இன்னொரு பெண்கள் கல்லூரி, 1837இல் மேரி லயன் ஆரம்பித்தது. அங்கே பட்டம் வாங்கப் போகிற மாணவிகளும், மறுசந்திப்புக்கு வந்த பழைய மாணவிகளும் வெள்ளை உடுத்தி ஊர்வலம் போவார்கள். பழைய மாணவிகள் தங்கள் வகுப்பு ஆண்டைத் தாங்கிய பலகையோடு நடப்பார்கள், புதியவர்கள் இலைகளால் கட்டிய நீளமான மாலையைத் தோளில் சுமந்து போய் மேரி லயன் கல்லறையைச் சுற்றிப் போடுவார்கள். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். எல்லோரும் வெள்ளையில் இருக்கும்போது யார் நீதிபதி, யார் வீட்டில் இருக்கிறவர் என்று பார்த்துச் சொல்ல முடியாது. எந்த ஆண்டு என்பது மட்டும்தான் தெரியும்.

சரி, சகோதரி, நீங்கள் கேட்டது ‘நான் போகலாமா’ என்று. ‘யாரெல்லாம் வரவில்லை’ என்று கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். நான் எப்போதும் சொல்வதுதான், எந்தச் சந்திப்பிலும் வந்தவர்களின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், வராதவர்களின் பட்டியலைப் பாருங்கள். உங்களை மாதிரியே ‘என்ன சொல்வது’ என்று தயங்கி நிற்பவர்கள் அதில்தான் இருப்பார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், சிலருக்கு அழைப்பே போய்ச் சேராது. பெண்கள் கல்லூரிக்கு இது கூடுதல் தலைவலி, ஏனென்றால் கல்யாணத்தோடு பெயரின் பாதி மாறிவிடுகிறது. ஃப்ரீடனையே எடுத்துக்கொள்ளுங்கள், கல்லூரிப் பதிவேட்டில் அவர் பெட்டி கோல்ட்ஸ்டைன். 1947இல் கல்யாணம் ஆன பிறகுதான் ஃப்ரீடன். பழைய பெயரை வைத்து இன்று இணையத்தில் தேடினால் பாதித் தோழிகள் கிடைக்க மாட்டார்கள். படிக்கும்போது இருந்த பெயரையும் இப்போதைய பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளும்படி சந்திப்பை ஏற்பாடு செய்கிறவர்களிடம் சொல்லுங்கள். துறை அலுவலகத்தில் பழைய வருகைப் பதிவேடு இருந்தால் அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். எங்களுக்கு ஒருத்தியைக் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆயிற்று, கடைசியில் அவள் தங்கை படித்த வகுப்பின் வாட்ஸ்அப் குழு வழியாகத்தான் கிடைத்தாள். இரண்டாம் நாள் மத்தியானம்தான் வந்தாள், வந்தாளே!

அப்புறம், ‘இப்போ என்ன பண்றே?’ என்று கேட்டால், வீட்டில் இருக்கிறேன் என்று நேராகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு நீங்கள் ஒன்று திருப்பிக் கேளுங்கள், ‘எதை வேறு மாதிரி செஞ்சிருக்கலாம்னு உனக்குத் தோணுது?’ என்று. பெரிய பதவியில் இருக்கிறவரையே முதலில் கேளுங்கள். கேட்டுவிட்டு அவசரப்படாமல் காத்திருங்கள்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு வேலை. வகுப்பில் உங்கள் ரோல் நம்பருக்கு முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி இருந்திருப்பார்களே, அந்த இரண்டு பெயரையும் இன்றைக்கே ஒரு தாளில் எழுதுங்கள். அவர்கள் உங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் தேட ஆரம்பியுங்கள், இன்னும் நாள் இருக்கிறது.